மார்ச் வெயிலும் மதுரைப் பரோட்டாவும்

மதுரைப் பக்கம் ஒரு ரோலர் மில்லில் லேப் என் பொறுப்பு. லாரி வந்து நின்றதும் மூட்டையில் குத்தூசி போட்டு மணியை எடுப்பதில் தொடங்கி, மைதா மூட்டையைத் தைத்து அனுப்பும் வரைக்கும் இந்தக் கோதுமை என்னவாகும், இந்த மாவு எதற்கு ஆகும் என்று சொல்வதுதான் என் வேலை. நீலகிரி, பழனி மலைப்பக்கம் கொஞ்சம் சம்பா கோதுமை விளைவதைத் தவிர நம்மூரில் கோதுமை கிடையாது. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், சில சமயம் பஞ்சாப் என்று ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம் கிலோமீட்டர் தாண்டித்தான் வர வேண்டும். அந்த வயல்களை நம்மில் பெரும்பாலோர் பார்த்ததே இல்லை. அதனால்தான் மாவு சரியில்லை என்றதும் எல்லோரும் மில்லைக் குற்றம் சொல்கிறார்கள். மில்லில் தப்பு நடப்பதுண்டு, மறுக்கவில்லை. ஆனால் மாவின் குணத்தில் பெரும்பங்கு, கதிர் வெளிவந்து மணி முற்றுகிற கடைசி முப்பத்தைந்து, நாற்பது நாட்களில் அந்த வயலிலேயே முடிவாகிவிடுகிறது. அதன்பிறகு மில் செய்யக்கூடியது கொஞ்சம்தான்.

2022 கோடையில் ஒரு பரோட்டா மாஸ்டர் போன் செய்தார். எங்கள் மைதாவைப் பல வருடமாக வாங்குகிறவர்.

"அக்கா, இந்த மாவு வீசவே விடமாட்டேங்குது. விசிறுனா நடுவுல கிழியுது. தண்ணியக் குறைச்சுப் பார்த்தேன், கூட ரெண்டு மணி நேரம் ஊறப்போட்டும் பார்த்தேன். உருண்டை புடிச்சு வச்சா அப்படியே தொய்ஞ்சு படுத்துக்குது."

"புது லோடு கோதுமை தம்பி. ரெண்டு நாள் பொறுங்க, பழசைக் கலந்து அனுப்புறேன்" என்றேன். இதில் விசேஷம் என்னவென்றால், அந்த லோடு கோதுமையில் புரதம் குறைவில்லை. முந்தைய வருடத்துக் கோதுமையைவிடக் கூடுதலாகவே இருந்தது. புரதம் கூடினால் மாவு உரம் ஏறும் என்பதுதான் எங்கள் தொழிலில் பாலபாடம். அந்த வருடம் அது பலிக்கவில்லை. ஏன் பலிக்கவில்லை என்பதற்குக் கோதுமை மணிக்குள் கொஞ்சம் போய்ப் பார்க்க வேண்டும்.

ஒரு மணியைப் பிளேடால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். வெளியே தவிட்டுத் தோல், மணியின் எடையில் சுமார் 14 சதவீதம். ஓரத்தில் முளைக்கரு, இரண்டு மூன்று சதவீதம். மிச்சம் எண்பது சதவீதத்துக்கு மேல் வெண்பகுதி, அதாவது மாவாகப் போகிற பகுதி. மணியின் நடுவே நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடும். தவிடு அந்தப் பள்ளத்துக்குள்ளும் மடிந்து போயிருப்பதால் அரிசியைத் தீட்டுவதுபோல் கோதுமையை வெளியிலிருந்து தீட்டி எடுக்க முடியாது. மணியை உடைத்துத் திறந்து, உள்ளே இருப்பதைச் சுரண்டி, சலித்து, மறுபடி அரைத்து என்று ரோல் மேல் ரோலாகப் போக வேண்டும். நன்றாகத் திரண்ட மணி என்றால் சுரண்ட நிறைய இருக்கும். சுருங்கிய மணியில் தோல் அதே அளவு, உள்ளே சரக்கு குறைவு. ஒரு டன் கோதுமைக்குக் கிடைக்கும் மைதா குறைந்து தவிடு கூடும். நூறு லிட்டர் கொள்ளும் கலத்தில் எத்தனை கிலோ கோதுமை நிற்கிறது என்று நாங்கள் முதலில் பார்ப்பது இதற்காகத்தான். 78, 80 கிலோ என்றால் முகம் மலரும். 72-க்குக் கீழே போனால் முதலாளி கணக்குப் புத்தகத்தை எடுப்பார்.

வெட்டின முகத்தையும் கவனிக்க வேண்டும். சில மணி கண்ணாடிபோல் பளபளவென்று, லேசாக ஒளி ஊடுருவுகிற மாதிரி இருக்கும். சில மணி சுண்ணாம்புபோல் வெளுத்திருக்கும். சிலவற்றில் பாதி அப்படி, பாதி இப்படி. கண்ணாடி மணியில் புரதம் மாவுச்சத்தை இறுக்கிப் பிடித்திருக்கிறது. வெளுத்த மணியில் புரதம் போதாமல் நடுநடுவே காற்று இடைவெளி விழுந்திருக்கிறது. கதிர் வரும் வேளையில் பயிருக்குத் தழைச்சத்து தீர்ந்துபோனாலோ, விளைச்சல் ஆசையில் தண்ணீரை அள்ளிக் கட்டி இருக்கிற தழைச்சத்து ஏராளமான மணிகளுக்குப் பங்கு பிரிந்தாலோ இந்த வெளுப்பு வரும். ஒரே லோடில் இரண்டும் கலந்து வந்தால் மில்லுக்குத் தலைவலி. அரைக்குமுன் கோதுமைக்குத் தண்ணீர் காட்டி, 9, 10 சதவீதமாக இருக்கிற ஈரத்தை 15, 16-க்கு ஏற்றி, தொட்டியில் பல மணி நேரம் போட்டு வைப்போம். தோல் பதமாகி உரிய வேண்டும், உள்ளே பொலபொலக்க வேண்டும் என்பதற்காக. வெளுத்த மணி சீக்கிரம் தண்ணீர் குடித்துவிடும். கண்ணாடி மணிக்கு நேரம் பிடிக்கும். இரண்டுக்கும் ஒரே தொட்டி என்றால் ஒன்று ஊறித் தொளதொளக்கும், மற்றொன்றின் தோல் காய்ந்து நொறுங்கி மைதாவில் பொட்டுப் பொட்டாக விழும்.

இப்போது புரதத்துக்கு வருகிறேன். என் லேபில் எத்தனை கருவி வந்தாலும் நான் விடாமல் கையால் செய்கிற சோதனை ஒன்று உண்டு. 25 கிராம் மைதா, 15 மில்லிலிட்டர் தண்ணீர். பிசைந்து உருட்டி, ஒரு மணி நேரம் தண்ணீருக்குள் போட்டுவிடுவேன். பிறகு குழாயைச் சன்னமாகத் திறந்து, கீழே சல்லடைத் துணி பிடித்து, உருண்டையை விரல்களுக்கு நடுவே வைத்து மெதுவாக அலச வேண்டும். மாவுச்சத்து பாலாக ஓடும். அவசரப்பட்டால் உருண்டை பிய்ந்து துணியில் சிதறும். தண்ணீர் தெளிந்து ஓடத் தொடங்கும்போது கையில் மிஞ்சுவது பழுப்பும் வெள்ளையும் கலந்த ஒரு பசை. அதுதான் குளூட்டன். எடை போட்டு, காயவைத்து, மறுபடி எடை போடுவோம். மைதா என்று விற்க, உலர்ந்த கணக்கில் குறைந்தது 7.5 சதவீதம் இருக்க வேண்டும் என்பது உணவுச் சட்டம். எடைக்கு முன்னாலேயே எனக்குப் பாதி தெரிந்துவிடும். இரண்டு கையாலும் பிடித்து இழுத்தால் நல்ல குளூட்டன் நீண்டுகொண்டே வரும், விட்டால் பின்வாங்கும். கெட்டது ஒன்று இழுத்த இழுப்புக்கு வந்து அப்படியே தொங்கிவிடும், அல்லது இழுக்கும்போதே பட்டென்று அறுந்துவிடும்.

இந்த இரண்டு குணமும் இரண்டு வகைப் புரதத்திலிருந்து வருகின்றன. கிளையடின் மாவை நீளவிடுகிறது. குளூட்டெனின் மாவுக்கு முறுக்கைக் கொடுக்கிறது. குளூட்டெனின் அணுக்கோவைகள் கந்தகப் பிணைப்பால் ஒன்றோடொன்று கோத்து, இயற்கையிலேயே மிகப் பெரிய மூலக்கூறுகளில் சேரும் அளவுக்கு வளரக்கூடியவை. பரோட்டாவை விசிறும்போது கிழியாமல் காப்பதும், ரொட்டிக்குள் ஈஸ்ட் விடும் காற்றைப் பிடித்து வைப்பதும் இந்த வலைதான். எவ்வளவு புரதம் இருக்கிறது என்பது ஒரு கேள்வி. அதில் எது எவ்வளவு, கோவை எவ்வளவு நீளம் என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குத்தான் லேப் சான்றிதழில் பதில் இருக்கும்.

மணி பால் பிடிக்கும் காலத்தில் பகல் வெயில் 30 டிகிரியைத் தாண்டாமல் இருந்தால் கோதுமைக்குச் சுகம். 35-ஐத் தாண்டிச் சில நாள் அடித்தாலே போதும், கதை மாறும். மாவுச்சத்தை உருவாக்கும் நொதிகள் வெப்பம் தாங்காதவை. அவை தளர்ந்துபோகும். அதோடு பயிர் சீக்கிரமே பழுத்துவிடுவதால், மணி நிறைவதற்கு இருந்த நாட்களும் குறையும். ஆனால் புரதத்துக்கு வேண்டிய தழைச்சத்தில் பெரும்பகுதி முன்னாலேயே இலையிலும் தண்டிலும் சேர்ந்திருக்கும். அது எப்படியாவது மணிக்கு வந்துசேரும். மாவுச்சத்து குறைந்து புரதம் அதே அளவு நின்றால், சதவீதத்தில் புரதம் கூடியதாகத்தானே தெரியும்? 2022-இல் எங்கள் லேப் தாளில் ஏறி நின்ற எண் அப்படி வந்ததுதான். இன்னொரு பக்கம், அந்த வெயிலில் பயிர் கிளையடினைத் தொடர்ந்து செய்கிறது, குளூட்டெனினைக் குறைத்துக்கொள்கிறது. செய்கிற குளூட்டெனினும் நீளமாகக் கோப்பதில்லை. ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் தொண்ணூறுகளிலேயே இதைக் காட்டியிருக்கிறார்கள். புரதம் அதிகம், மாவு தொய்வு. மாஸ்டர் போனில் சொன்னது அச்சாக அதுதான்.

2022 மார்ச், இந்தியாவில் 1901 முதல் பதிவான மார்ச் மாதங்களிலேயே பகல் வெப்பம் மிக அதிகமாக இருந்த மார்ச். பிப்ரவரியில் 11 கோடி டன்னுக்கு மேல் கோதுமை என்று மத்திய அரசு மதிப்பிட்டது. பிறகு அதைக் குறைக்க வேண்டி வந்தது. மே 13 அன்று ஏற்றுமதிக்குத் தடை. செய்தித்தாள்கள் எல்லாம் எத்தனை டன் என்றே பேசின. அரசுக் கொள்முதலில் சுருங்கிய, உடைந்த மணி 6 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது வழக்கமான விதி. பஞ்சாபிலும் ஹரியானாவிலும் அந்த வருடம் அதை 18 சதவீதம் வரை தளர்த்தினார்கள். விவசாயியைக் கைவிடாத நல்ல முடிவு அது. வெயிலுக்கு அவர் என்ன செய்வார்? ஆனால் அந்த 18 என்ற எண்ணைப் படித்தபோதே, எங்களைப்போன்ற லேப்காரர்களுக்கு அந்த வருடத்து மாவு எப்படி இருக்கும் என்பது புரிந்துவிட்டது.

மார்ச் வெயில் எல்லா வயலையும் ஒரே மாதிரி அடிப்பதில்லை. நவம்பர் முதல் பாதியில் விதைத்த வயல், வெயில் உச்சத்துக்கு வருமுன் மணி நிறைந்து தப்பிக்கும். டிசம்பருக்குத் தள்ளிப்போன வயல் மாட்டிக்கொள்ளும். தள்ளிப்போவது சோம்பேறித்தனத்தால் அல்ல. கங்கைச் சமவெளியில் நெல் அறுத்த அதே வயலில்தான் கோதுமை. நெல் தாமதமானால் கோதுமையும் தாமதம். சில இடங்களில் நடுவே உருளைக்கிழங்கு வேறு. பஞ்சாபில் வைக்கோலைக் கொளுத்துவதற்கும் பாதிக் காரணம் இந்த நாள் நெருக்கடிதான். வைக்கோலை எரிக்காமல் அதற்குள்ளேயே விதைக்கிற இயந்திரங்கள் இப்போது இருக்கின்றன. டெல்லிப் புகையைக் குறைக்கும் என்றுதான் அவற்றைப் பற்றிப் பேசுகிறார்கள். ஒரு வாரம் முன்னால் விதைக்க முடிவதால் மாவின் தரமும் கூடும் என்பதை யாராவது சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

எனக்குப் பிடித்த கோதுமை மத்தியப் பிரதேசத்தின் சீஹோர், விதிஷா, அசோக்நகர் பக்கத்துச் சர்பதி. மூட்டையில் கைவிட்டாலே தெரியும். கனமாக, தங்க நிறமாக, விரல் நடுவே வழுக்கிக்கொண்டு ஓடும். இந்தப் பெயரில் விற்பதில் பெரும்பகுதி சி-306 என்கிற பழைய ரகம். அறுபதுகளில் வெளியிடப்பட்டது. அதே விதை, இந்த மாளவப் பகுதியின் கரிசலில் வேறு குணம் காட்டுகிறது. கரிசல் மழைத் தண்ணீரை ஆழத்தில் சேமித்து வைக்கும். பயிர் அதை உறிஞ்சியே வளரும். கால்வாய்த் தண்ணீர் ஒன்றோ இரண்டோ தடவைதான். மணி எண்ணிக்கை குறைவு, விளைச்சல் குறைவு, ஆனால் ஒவ்வொரு மணியும் இறுகி, கண்ணாடிபோல் வரும். சப்பாத்திக்கு அரைத்தால் நிறையத் தண்ணீர் வாங்கும். ஆறின பிறகும் மிருதுவாக இருக்கும். பஞ்சாபில் ஐந்து தடவை தண்ணீர் கட்டி, இரண்டு மடங்கு விளைச்சல் எடுக்கிற வயலிலிருந்து இந்த மணியை எதிர்பார்க்கக் கூடாது.

குஜராத்தில் இன்னும் ஒரு படி மேலே. அகமதாபாத்துக்கும் பாவ்நகருக்கும் நடுவே பால் என்றொரு தாழ்ந்த நிலப்பகுதி. மழைக்காலத்தில் வெள்ளக்காடு. தண்ணீர் வடிந்ததும், மண்ணில் மிஞ்சிய ஈரத்தை மட்டும் நம்பி கோதுமை விதைக்கிறார்கள். பாசனமே கிடையாது. பாலியா கோதுமை என்று 2011-இல் புவிசார் குறியீடு வாங்கியது. ரவைக்கும் சேமியாவுக்கும் ஏற்ற டியூரம் வகை, புரதம் நிறைந்தது. தண்ணீர் தட்டுப்பாடு என்று நாம் பரிதாபப்படுகிற நிலைமைதான் அந்த மணிக்கு அந்தக் குணத்தைக் கொடுக்கிறது.

அளவோடு இருக்கும் வரைக்கும்தான் இது பொருந்தும். மணி பால் பிடிக்கும்போது ஈரம் அடியோடு வற்றிப்போனால் கிடைப்பது சுருங்கல்தான்.

மண்ணில் இன்னொரு விஷயம் கந்தகம். குளூட்டெனின் கோவைகளைப் பிணைப்பது கந்தகம் என்று சொன்னேன். மண்ணில் அது குறைந்தால் பயிர் கந்தகம் வேண்டாத புரதங்களைக் கூடுதலாகச் செய்து சமாளிக்கிறது. அந்த மாவு விறைத்துக்கொண்டு இழுபடாமல் நிற்கும்; ரொட்டி உப்பாது. இங்கிலாந்தில் நிலக்கரிப் புகை இருந்த காலத்தில் கந்தகம் மழையோடு வயலுக்கு இலவசமாக வந்துகொண்டிருந்தது. புகையைக் கட்டுப்படுத்திய பிறகு, கோதுமை வயல்கள் கந்தகப் பஞ்சத்தில் விழுந்தன. விவசாயிகள் உரமாகப் போட வேண்டியதாயிற்று. நம் நாட்டில் சூப்பர் பாஸ்பேட் போட்ட காலத்தில் கந்தகமும் கூடவே போனது. யூரியா, டிஏபி என்று மாறிய பின் அது நின்றுவிட்டது. கந்தகம் குறைந்த கோதுமையில் அஸ்பராஜின் என்னும் பொருள் பல மடங்கு ஏறும் என்றும், ரொட்டி, பிஸ்கட் சுடும்போது அதுவே அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருளாக மாறும் என்றும் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையம் கண்டது. ஒரு பிடி ஜிப்சத்தில் தடுக்கக்கூடிய விஷயம் இது.

வெயிலுக்கு அடுத்த எதிரி அறுவடை மழை. 2023 மார்ச்சில் வட இந்தியாவில் அது நடந்தது. முற்றின கதிர் நனைந்தால் மணி ஊதி, மறுபடி காய்ந்து, பளபளப்பை இழக்கும். அரசும் அந்த வருடம் பளபளப்பு இழந்த மணிக்கு விதியைத் தளர்த்தியது. பளபளப்பு போவதோடு நின்றால் பரவாயில்லை. ஈரம் நீடித்தால், மணி மண்ணில் விழுந்துவிட்டதாகவே எண்ணி முளைக்கத் தயாராகும். வெளியே முளை தெரியுமுன்பே, உள்ளே ஆல்ஃபா அமிலேஸ் என்னும் நொதி மாவுச்சத்தை உடைக்க ஆரம்பித்துவிடும். ஸ்வீடன் நாட்டு ஹாக்பெர்க் வகுத்த சோதனை ஒன்று இதைக் கண்டுபிடிக்கும். 7 கிராம் மாவு, 25 மில்லிலிட்டர் தண்ணீர், கொதிக்கும் நீரில் நிற்கும் கண்ணாடிக் குழாய். ஒரு நிமிடம் கலக்கிவிட்டு, கம்பியை விட்டுவிட்டால் அது கஞ்சிக்குள் இறங்கும். எல்லாம் சேர்த்து எத்தனை நொடி என்பதுதான் கணக்கு. நல்ல கோதுமையில் கஞ்சி கெட்டியாக நிற்கும், 300 நொடிக்கு மேல் போகும். நொதி கிளம்பிய கோதுமையில் கஞ்சி நீர்த்துக் கம்பி சரசரவென்று இறங்கிவிடும். அந்த மாவில் ரொட்டி சுட்டால் உள்ளே பிசுபிசுக்கும், துண்டு போடும்போது கத்தியில் ஒட்டும். 2016-இல் அமெரிக்காவின் வாஷிங்டன், ஐடஹோ மாநிலங்களில் இப்படி ஏராளமான கோதுமை விலை இழந்தது. அங்கே மழை மட்டும் காரணமில்லை. மணி முற்றும் நேரத்தில் வெப்பநிலை திடீரென்று ஏறி இறங்கினாலே இந்த நொதி கிளம்பும்.

நம் நாட்டுக் கோதுமை சாதாரணமாகச் சுட்டெரிக்கும் ஏப்ரலில் அறுபடுவதால் 400 நொடியைத் தாண்டிவிடும். அதிலும் ஒரு சங்கடம் உண்டு. நொதி கொஞ்சமாவது இருந்தால்தான் ஈஸ்ட்டுக்குச் சர்க்கரை கிடைக்கும். அதனால்தான் பேக்கரி மாவில் மால்ட்டோ நொதியோ சிட்டிகை அளவு சேர்க்கிறோம்.

இனி வரப்போவதும் லேசான விஷயமில்லை. காற்றில் கரியமில வாயு 550 பிபிஎம் அளவுக்கு உயர்ந்தால் கோதுமையில் புரதம் சுமார் 6 சதவீதமும் துத்தநாகம் 9 சதவீதமும் குறையும் என்று திறந்தவெளி வயல்களில் நடந்த பரிசோதனைகளின் தொகுப்பு 2014-இல் வெளிவந்தது. வெயில் புரதத்தின் தரத்தைக் கெடுக்கிறது, காற்று அதன் அளவைக் குறைக்கிறது.

மில்லில் எங்கள் கையில் இருக்கும் ஆயுதம் கலவைதான். தொய்வான லோடோடு மாளவத்துக் கோதுமையைச் சேர்ப்போம், பழைய இருப்பைச் சேர்ப்போம். முன்பு தூத்துக்குடி வழியாக ஆஸ்திரேலியக் கோதுமை வந்தபோது அதையும் சேர்த்தோம். 2019 முதல் 40 சதவீத இறக்குமதி வரி என்றானபின் அது கட்டுப்படியாவதில்லை. அந்த மாஸ்டருக்கு 2022-இல் கலந்து அனுப்பிய மாவு வேலை செய்தது. ஆனால் கலக்க நல்ல கோதுமை எங்கேயாவது விளைந்திருக்க வேண்டுமே.

அதை விளைவிக்கிறவருக்கு நாம் என்ன கொடுக்கிறோம்? அரசுக் கொள்முதல் விதிகளில் ஈரம் உண்டு, தூசு உண்டு, சுருங்கல் உண்டு, சொத்தை உண்டு. புரதமோ குளூட்டனோ இல்லை. குவின்டாலுக்கு ஒரே விலை. சர்பதிபோலப் பெயர் வாங்கின சிலருக்கு மட்டும் மண்டியில் கூடுதல் கிடைக்கிறது. மற்றபடி, கடைசித் தண்ணீரை நிதானித்துக் கட்டி, கதிர் நேரத்தில் தழைச்சத்து கொடுத்து, ஜிப்சம் போட்டு, நாள் தவறாமல் விதைத்தவருக்கும், எடை ஏறினால் போதும் என்று விட்டவருக்கும் ஒரே தொகைதான். ஆஸ்திரேலியாவில் 13 சதவீதப் புரதம் உள்ள கோதுமைக்கு ஒரு தரம், 10.5-க்கு வேறு தரம். லாரி வந்து நிற்கும்போதே அளந்து, தனித்தனிக் குவியலாகக் கொட்டிவிடுகிறார்கள். மணியை அரைக்காமலே, அகச்சிவப்பு ஒளியால் ஒரு நிமிடத்தில் புரதம் சொல்கிற கருவி எங்கள் லேபிலேயே இருக்கிறது. பெரிய மண்டிகளில் அதை வைத்து, பக்கத்திலேயே ஹாக்பெர்க் குழாயையும் வைக்கலாம். 2022 காட்டியதுபோல் புரத எண் மட்டும் போதாது என்பதால், சந்தேகப்படும் லோடுக்குக் குளூட்டனை அலசிப் பார்க்க ஒரு தண்ணீர்க் குழாயும், அதை இழுத்துப் பார்க்கத் தெரிந்த ஓர் ஆளும் வேண்டும். அந்த அளவுக்குத்தான் செலவு.